அளந்து கொடுத்த தண்ணீர்

எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது என்று தெரிந்த அன்றே எங்கள் வீட்டு அடுக்களையிலிருந்து உப்பு வெளியேறியது. உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் டாக்டர் சொன்னார். என் மனைவிக்குக் குறைப்பதெல்லாம் தெரியாது. செய்தால் முழுசாகச் செய்வாள். நார்த்தங்காய் ஊறுகாய்ப் பரணி, மோர் மிளகாய் டப்பா, அப்பளக் கட்டு எல்லாம் அன்று சாயங்காலமே அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்த வீட்டுக்காரர்கள் எனக்கு வந்த வியாதியை அவ்வளவு சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்கள்.

நான் அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு அம்பாசமுத்திரத்தில். மகள் கல்யாணமாகி ஓசூரோடு போய்விட்டாள், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஆயுசு பூரா ஹாரனை அமுக்கினால் அப்படித்தான் ஆகும் என்று அவள் சொல்வாள். உப்பில்லாத சொதியை முதல் நாள் வாயில் வைத்தபோதும் கோபம்தான் வந்தது. தேங்காய்ப்பால் இவ்வளவு சோகமான பொருள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கோபத்தை விழுங்கிக்கொண்டு அவளைப் பார்த்தால், அவளும் அதே சொதியைத்தான் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, எனக்குத்தானே உப்பு ஆகாது? உனக்கு ஒரு கல்லு போட்டுத் தின்னேன்" என்றேன்.

"ஒரு வீட்டுல ரெண்டு குழம்பா? உங்களுக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னு வைக்கதுக்கு நாம என்ன பாகம் பிரிச்சா கெடக்கோம்?"

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இப்படி ஒரு பழக்கம். புருஷனுக்குப் பத்தியம் என்றால் அவர்களுக்கும் பத்தியம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, யாரும் கேட்டதுமில்லை. எனக்கு மஞ்சள் காமாலை வந்து கீழாநெல்லியும் மோர்ச்சோறுமாகக் கிடந்த காலத்தில் அவளும் அதையேதான் சாப்பிட்டாள். கண் மஞ்சளாக இருந்தது எனக்கு, நாக்கு செத்துப்போனது இரண்டு பேருக்கும். அப்போது அவள் உடம்பு அதைத் தாங்கியது. வயது அப்படி.

பிறகு அவளைச் சோதித்தபோது அவளுக்கும் அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தது. டாக்டர் இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரை எழுதினார். உப்பையும் நீரையும் சிறுநீரோடு வெளியே தள்ளுகிற மாத்திரை. அவர் எழுதியதில் தப்பொன்றுமில்லை, எனக்கு அது இன்றுவரை ஒத்துப்போகிறது. காலையில் ஒரே அட்டையைக் கிழித்து ஆளுக்கொன்று போட்டுக்கொள்வோம். அவளுக்குத் தண்ணீர்த் தாகம் அதிகம். சித்திரை வெயில் வேறு. ஒரு செம்பு எப்போதும் பக்கத்திலேயே இருக்கும், டிவி பார்க்கும்போதும் கீரை ஆயும்போதும் அண்ணாந்து குடித்துக்கொண்டே இருப்பாள். தண்ணீர் நிறையக் குடிப்பது உடம்புக்கு நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் நல்லதென்றுதான் நினைத்தேன்.

முதலில் தலைவலி என்றாள். பிறகு குமட்டல். நடையில் ஒரு தள்ளாட்டம் வந்தது. வெயில் என்று நினைத்து இரண்டு பேரும் அதற்கு வைத்தியமாக இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடித்தோம். ஒரு நாள் காலையில் தோசைக்கல்லின் மேல் கரண்டி மாவைப் பிடித்தபடி நின்றவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "அடுத்து என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

நான் சிரித்தேன். அவள் கேலிக்காரி. ஒரு தடவை என் யூனிபாரத்தை ஒளித்து வைத்துவிட்டு டெப்போவிலிருந்து ஆள் வந்து வாங்கிப் போனதாகச் சொல்லி அரை மணி நேரம் என்னை அலையவிட்டவள். இதுவும் அப்படியொன்று என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, மத்தியானம் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். அவள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க அண்ணாச்சி, உக்காருங்க. அவ்வொ கடைக்குப் போயிருக்காவ, இப்ப வந்துருவாவ" என்றாள்.

"ஏட்டி, போதும் வெளையாட்டு, வெயில்ல வந்துருக்கேன்."

அவள் இரண்டடி பின்னால் போய் அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டாள். "யாரு நீங்க? என்ன, ஏட்டிங்கிய?" என்றாள். அவள் கண்ணில் பயம் இருந்தது. அந்தப் பயத்தை நடிக்க யாராலும் முடியாது. என்னைப் பார்த்து அவள் கோபப்பட்டிருக்கிறாள், அழுதிருக்கிறாள், பேசாமல் இருந்திருக்கிறாள். பயந்து நான் பார்த்ததில்லை. கையிலிருந்த காய்கறிப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் வாசலிலேயே நின்றேன்.

அடுத்த வீட்டுக்காரர் காரை எடுத்தார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று நான் ஆயிரம் தடவை ஓட்டிய ரோட்டில் பின்சீட்டில் உட்கார்ந்து போனேன். அவள் என் மடியில் தலைவைத்து அரைத் தூக்கத்தில் இருந்தாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் அடுத்த வீட்டுக்காரர் பிரேக் போட்ட விதம் எனக்கு ஆத்திரமாக வந்தது.

பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சின்ன வயசுப் பெண் டாக்டர். "சோடியம் ரொம்ப எறங்கியிருக்குயா" என்றார்.

"சோடியம்னா?"

"உப்புன்னு வச்சுக்கோங்க."

எனக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது. உப்புதானே, கடையில் கிடைக்கிற சாமான்தானே. "அப்ப உப்பை ஏத்திருங்கம்மா, என்ன செலவானாலும் சரி" என்றேன்.

"சட்டுனு ஏத்தக் கூடாதுயா. வேகமா ஏத்தினா மூளை தாங்காது, கை கால் விழுந்துரும். பைய பையத்தான் ஏத்தணும்."

தாமதமாகிப்போன வண்டியை விரட்டி நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நான் கற்ற ஒரே வித்தை. இங்கே விரட்டக் கூடாது. சொட்டுச் சொட்டாக இறங்குகிற உப்புநீரைப் பார்த்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். அடிக்கடி ரத்தம் எடுத்தார்கள். நர்ஸ் வந்து அவளிடம் பேர் கேட்டார், ஊர் கேட்டார், என்னைக் காட்டி இவர் யார் என்று கேட்டார். அவள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பரீட்சையில் தோற்றவன் நான்தான் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் காலையில் கண்ணைத் திறந்தவள், "ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கிய? சவரம் பண்ணலியா?" என்றாள். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை. வார்டு பையன்கள் பார்த்துக்கொண்டே போனார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னை உட்காரவைத்து விளக்கினார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கிறதாம். அங்கிருந்து ஒரு ஹார்மோன் வருகிறது, அதன் பேர் என் வாயில் நுழையவில்லை. தண்ணீரை வெளியே விடாதே, பிடித்து வை என்று சிறுநீரகத்துக்குச் சொல்வது அதன் வேலை. உடம்பில் நீர் குறையும்போது சுரக்க வேண்டும், போதுமான நீர் இருக்கும்போது நின்றுவிட வேண்டும். ராத்திரித் தூக்கத்துக்காகச் சற்றுக் கூடுதலாகச் சுரக்க வேண்டும். வயதானால் இந்த நேரங்காலமெல்லாம் குழம்பிப்போகும்.

"ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் இதுல வித்தியாசம் இருக்குயா. ஆம்பளை உடம்புல அது கூடுதலா இருந்தாக்கூட சிறுநீரகம் அம்புட்டாக் காது குடுக்காது. பொம்பளை உடம்புல கொஞ்சமா சுரந்தாலும் சிறுநீரகம் அப்படியே கேட்டுக்கிடும். எல்லாருக்கும் இப்படித்தான்னு சொல்ல முடியாது. ஆனா இந்த மாத்திரை போட்டு சோடியம் எறங்கி வாறது வயசான பொம்பளைங்கதான் ஜாஸ்தி."

எனக்கு அந்த இடத்தில் யார்மேல் என்று தெரியாமல் ஒரு கோபம் வந்தது. வீட்டில்தான் அப்படி என்று பார்த்தால் சிறுநீரகத்திலுமா? சொன்ன பேச்சைக் கேட்டதற்கு இதுவா கூலி? பாபநாசத்தில் வண்டியை எடுத்தால் திருநெல்வேலி வரை அடக்கிக்கொண்டு வந்தவன் நான், இப்போது சந்தைக்குப் போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் மறைவு தேடுகிறேன். குடித்ததெல்லாம் எனக்கு ஓடிப்போகிறது. அதே பானைத் தண்ணீரைக் குடித்த அவளுக்கு எல்லாம் உள்ளேயே தங்கி ரத்தத்து உப்பைக் கரைத்துவிட்டது. நான் விட்டேன் என்பதற்காக அவள் விட்ட உப்பு.

மாத்திரையை நிறுத்தினார்கள். உப்புப் போட்டுச் சாப்பிடச் சொன்னார்கள். அதோடு ஒரு லிட்டர் பாட்டிலைக் காட்டி, ஒரு நாளைக்குத் தண்ணீர், காபி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து இவ்வளவுதான் என்றார் டாக்டர். மாத்திரையை விட்டதும் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும், பார்ப்போம் என்றார். அவளுக்குச் சரியாகவில்லை. நெஞ்சு, தலை எல்லாம் படமெடுத்துப் பார்த்தும் காரணம் கிடைக்கவில்லை. அந்தச் சுரப்பி நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்துவதில்லை, அவ்வளவுதான். அதற்கும் ஒரு மருந்து உண்டாம். அவள் ஈரலுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை.

இப்படியாக, தாமிரபரணி ஓடுகிற ஊரில் குடியிருந்துகொண்டு, வைகாசி வெயிலில், என் பெண்டாட்டிக்குத் தண்ணீர் கொடுக்காமல் காவல் காக்கிற வேலை எனக்கு வந்தது.

தாகம் என்றால் என்னவென்று அவள் முகத்தில்தான் பார்த்தேன். உதட்டை நாக்கால் தடவிக்கொள்வாள். ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொள்ளக் கொடுப்பேன், அதுவும் கணக்கில் சேர்த்தி. "ஒரு மடக்கு" என்பாள். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். "ஒரு மடக்குதானே கேட்டேன், ஒங்க சொத்தையா கேட்டேன்?" என்பாள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். தெருவில் வெயிலில் நிற்பது அதைவிடச் சுலபம்.

காலையில் எழுந்ததும் நான் அவளிடம் கேள்வி கேட்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. உப்பு இறங்கத் தொடங்கினால் பேச்சில்தான் முதலில் தெரியுமாம். "இன்னைக்கு என்ன கிழமை?" என்று ஒரு நாள் கேட்டேன். "தீபாவளி" என்றாள். போனைத் தேடினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏட்டி, ஒனக்குப் புண்ணியமாப் போவும். இனிமே வெளையாடாத. எனக்கு எது நெசம், எது வெளையாட்டுன்னு தெரியல" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். அதன் பிறகு கேட்டதற்கெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒழுங்காகப் பதில் சொன்னாள். வீட்டில் கேலிப் பேச்சு நின்றுபோனது. அவளிடமிருந்து தண்ணீரோடு அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன்.

நான் தண்ணீர் குடிப்பதும் பெரும்பாடாயிற்று. எனக்கு நிறையக் குடிக்கச் சொல்லியிருந்தார்கள், இல்லாவிட்டால் மயக்கம் வரும். அவள் எதிரில் தம்ளரை எடுக்க எப்படி மனசு வரும்? பின்வாசலில் குளியலறைச் சுவரோரம் போய் நின்று, ஓசைப்படாமல் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவேன். ஒரு நாள் திரும்பி உள்ளே வந்தபோது, "சட்டையில சிந்தியிருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

அவள் தங்கை ஆழ்வார்குறிச்சியிலிருந்து பார்க்க வந்தாள். வந்தவளுக்கு நான் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வீட்டுக்கு வந்தவர்களுக்கு வேறென்ன கொடுப்பது? தங்கை குடித்ததை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்ததைத் தங்கை பார்த்தாள். பாட்டில் விவகாரத்தை விளக்கினேன்.

"என்ன வைத்தியம் அத்தான் இது? பச்சத் தண்ணிய நிறுத்திட்டு? செடிக்குக்கூட ஊத்துதோம்."

"ஒன் அக்கா என்னையே யாருன்னு கேட்டாம்மா. அத நீ பாக்கல."

தலையை ஆட்டிக்கொண்டாள். நான் மருந்துக் கடைக்குப் போய் வந்த நேரத்தில் அக்காவுக்கு ஆசை தீரக் கொடுத்திருக்கிறாள். சீரகம் போட்டுக் காய்ச்சி ஆற்றிய தண்ணீர். சாயங்காலமும் இரண்டு தடவை. மறுநாள் காலையில் கிழமை கேட்டேன். அவள் என்னைப் பார்த்தபடி உதட்டை அசைத்தாள், சொல் வரவில்லை. மறுபடி பாலம், மறுபடி பாளையங்கோட்டை, மறுபடி சொட்டுச் சொட்டாக உப்பு.

கொழுந்தியாளைக் கிழித்துத் தொங்கவிட வேண்டும் என்றுதான் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தேன். அவள் படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "தண்ணிதானே அத்தான் குடுத்தேன்? தண்ணிதானே?" என்றாள். என்னத்தைத் திட்ட? நானும் அதே படியில் உட்கார்ந்தேன்.

இந்தத் தடவை தெளிய நாளானது. தெளிந்து வீட்டுக்கு வந்த பிறகு அவள் தண்ணீர் கேட்பதை விட்டுவிட்டாள். அது என்னை இன்னும் வதைத்தது. கேட்டால் மறுக்கலாம், கேட்காதவளிடம் என்ன செய்ய? ஒருநாள் வேறொன்று கேட்டாள். ஆற்றில் குளிக்க வேண்டும் என்றாள். டாக்டரிடம் போனில் கேட்டேன். குளிக்கட்டும், குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஆட்டோ வைத்துக் காலையில் படித்துறைக்குப் போனோம். ஆற்றில் இடுப்பளவுக்கு மேல் தண்ணீர் ஓடியது. நான் அவள் கையைப் பிடித்து இறக்கினேன். "கைய விடுங்க, நான் என்ன பச்சப்புள்ளையா?" என்றாள். ஒரு படியில் உட்கார்ந்து கழுத்துவரை நனைந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனையோ நாளாக இறுகிக் கிடந்த முகம் தளர்ந்து பழைய முகம் வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளியிலிருந்தாவது அவளுக்கு வேண்டுமட்டும் தண்ணீர் கொடுக்க முடிந்ததே என்று நினைத்தேன்.

முங்கி எழுந்தாள். ஒரு கை அள்ளி வாய் கொப்பளித்துத் துப்பினாள். எல்லாரும் செய்வதுதான். இன்னொரு கை அள்ளினாள், துப்பினாள். அடுத்ததைத் துப்பவில்லை. தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தேன்.

கைக்கெட்டும் தூரத்தில் நான் நிற்கிறேன். துப்பு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஹாரனே தேவையில்லாத குரல் எனக்கு, அது எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இன்னொரு கை அள்ளிக் குடித்தாள். அவள் பார்வையில் திருட்டுத்தனமே இல்லை. பிறகு மறுபடி அள்ளி, என் பக்கம் நீட்டினாள்.

"இந்தாங்க."

"எனக்கெதுக்கு?"

"பெறத்தால போயி செவுத்தோரம் நின்னு குடிக்கியள்லா? இங்கன குடிங்க. ரெண்டு பேரும் சேந்து குடிச்சு எம்புட்டு நாளாச்சு."

விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் குனிந்து அவள் கையில் வாய் வைத்துக் குடித்தேன். பக்கத்துப் படியில் மஞ்சள் தேய்த்துக்கொண்டிருந்த பெண் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரும்பும் வழியிலேயே ஆட்டோவை ஒரு வேலியோரம் நிறுத்தச் சொல்லி நான் இறங்க வேண்டியிருந்தது. வந்து உட்கார்ந்ததும் அவளைப் பார்த்தேன். ஒரே ஆறு, ஒரே கை. எனக்குள் போனது போய்விட்டது. அவளுக்குள் போனது அங்கேயே இருக்கிறது, அதைப் போகச் சொல்ல யாராலும் முடியாது. வீடு வரும்வரை அவளிடம் கிழமை கேட்டேன், மகள் இருக்கிற ஊரைக் கேட்டேன், எங்கள் தெருப் பேரைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னாள். எனக்குப் பயம் தணியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியைக்கூட மாற்றாமல் அன்றைய பாட்டிலை எடுத்து நிரப்பினேன். பிறகு அதைச் சாய்த்து, ஆற்றில் குடித்த கணக்குக்கு ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு, மூன்றாவதாக ஒரு மடக்கு என்று பானையில் திரும்ப ஊற்றினேன். தலையைத் துவட்டியபடி அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க குடிச்ச மடக்கையும் சேத்தா கழிச்சிய?" என்று கேட்டாள்.

சேர்த்துத்தான் கழித்திருந்தேன்.